பிசினின் பிடி

வெளிர்பொன் நிறத்தில் ஒரு சிட்டிகைப் பொடி. ஊதினால் பறந்துவிடும் அளவுக்கு உலர்ந்தது. அதை உள்ளங்கையில் வைத்து, மறு கையின் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் சிறிது நேரத்தில் திரண்டு, கருத்து, வழவழப்பான உருண்டையாகிவிடுகிறது. தண்ணீரோ பசையோ எதுவும் சேர்க்கப்படவில்லை. மொராக்கோவின் ரிஃப் மலைகளிலும் லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இதைச் செய்கிறவர்களுக்கு இதில் அதிசயம் ஏதுமில்லை. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வமானது. வீட்டுக்கு நான்கு செடி வளர்க்கக் கூட்டாட்சிச் சட்டம் இடம் தந்தது. அதன்பின் சமையலறை மேசையில் முதல்முறை ஹஷிஷ், அதாவது கஞ்சாப் பிசின் உருண்டை, பிடித்துப் பார்க்கிறவர்களுக்கு மட்டும் கேள்வி எழுகிறது. சிலருக்கு ‘எப்படி ஒட்டியது?’ என்று. பலருக்கு ‘ஏன் ஒட்டவே மாட்டேன் என்கிறது?’ என்று.

இரண்டுக்கும் விடை அந்தப் பொடியின் ஒவ்வொரு துகளுக்குள்ளும் இருக்கிறது. தாவரவியலார் நூறு ஆண்டுகளுக்கு மேல் பார்த்துவரும் துகள் அது.

கஞ்சாவின் பெண் பூங்கொத்தை உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், பூவை ஒட்டிய சிற்றிலைகள் முழுக்கக் கண்ணாடிக் குண்டூசிகளைக் குத்தி வைத்ததுபோல் தெரியும். இவை சுரப்பித் தூவிகள். துளசிக்கும் கற்பூரவள்ளிக்கும் இதே அமைப்பு உண்டு. இலையைக் கசக்கியதும் மணம் வருவது அந்தச் சுரப்பிகள் உடைவதால்தான். கஞ்சாவில் காம்பு வைத்த தூவிகளே பெரியவை. அவற்றின் தலை பெரும்பாலும் 50 முதல் 100 மைக்ரான் குறுக்களவு கொண்டது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே ஒரு தலை ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமன்.

அந்தத் தலைக்குள் அடியில் தட்டுப்போலப் பரவிய சில சுரப்புச் செல்கள். அவற்றுக்கு மேலே, மெழுகுப்பாங்கான மெல்லிய மேலுறை குமிழாக எழும்பி நிற்கிறது. செல்களுக்கும் உறைக்கும் இடைப்பட்ட இடைவெளியில்தான் பிசின் சேர்கிறது. இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் உண்டு. கஞ்சாவின் போதைப் பொருளான டி.ஹெச்.சி.யின் அமில வடிவமும் அதற்கு மூலமான சேர்மமும் கஞ்சாச் செடியின் சொந்தச் செல்களையே கொல்லக்கூடியவை என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எனவே அமிலத்தை உருவாக்கும் நொதியைச் செடி செல்லுக்கு வெளியே, அந்தக் குமிழுக்குள் அனுப்பி, வேலையை அங்கேயே முடித்துக்கொள்கிறது. நஞ்சைத் தன் உடம்புக்கு வெளியே காய்ச்சி, உறையிட்டு மூடி வைக்கும் செடி! இலையைக் கடிக்க வரும் பூச்சிக்கு இந்த உறை உடையும்போது கால் ஒட்டிக்கொள்ளும், வாய் கசக்கும்.

ஆக, ஹஷிஷ் செய்கிறவர் புதிதாக எதையும் உருவாக்குவதில்லை. வேதியியல் அனைத்தையும் செடி முடித்து வைத்திருக்கிறது. மனிதர் செய்வது இரண்டே வேலை: தலைகளைச் செடியிலிருந்து பிரிப்பது, பிறகு அவற்றை உடைப்பது.

பிரிப்பதற்குச் சல்லடை. ரிஃப் மலையின் கெட்டாமா வட்டாரத்தில் கோடை முடிவில் அறுத்த செடிகளை நன்றாகக் காயவைத்து, குளிர் வந்த பிறகே சலிக்க எடுப்பார்கள். அகன்ற பாத்திரத்தின் வாயில் மெல்லிய துணியை முரசுத் தோல் போல இழுத்துக் கட்டி, மேலே காய்ந்த பூக்களைப் பரப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி, இரண்டு குச்சிகளால் தட்டுவார்கள். சலிக்கும் பருவத்தில் கிராமம் முழுக்க அந்தக் கொட்டுச் சத்தம்தான். இத்தனைக்கும் இது அங்கே தொன்மையான கலையல்ல. மொராக்கோவில் தலைமுறை தலைமுறையாக இருந்தது, பூவைப் பொடியாக நறுக்கிப் புகையிலையோடு புகைக்கும் ‘கீஃப்’ பழக்கம்தான். சலித்து அழுத்தும் தொழில் பெருகியது 1960-களில், ஐரோப்பியப் பயணிகள் வரத் தொடங்கிய பிறகு.

குளிருக்குக் காத்திருப்பதில் இயற்பியல் இருக்கிறது. வெயிலில் பிசின் இளகும்; தலைகள் துணியிலும் இலையிலும் ஒட்டிக்கொள்ளும். குளிரில் அதே பிசின் விறைத்து, காம்புக்கும் தலைக்கும் இடையிலுள்ள கழுத்து ஒரே தட்டில் முறியும். முதலில் விழுபவை முதிர்ந்த, பருத்த தலைகள். தட்டத் தட்டக் காம்புத் துண்டுகளும் இலைப் பொடியும் நொறுங்கிக் கூடவே விழும். அதனால்தான் முதல் தட்டில் விழுந்ததற்கு ஒரு விலை, மூன்றாம் தட்டுக்கு வேறு விலை. ஆப்கானிஸ்தானில் ‘கர்தா’ எனப்படும் சலித்த பொடியிலும் இதேபோல முதல் தரம், இரண்டாம் தரம் என்று உண்டு.

சல்லடைக்குத் தெரிந்தது அளவு மட்டுமே. 90 மைக்ரான் பிசின் தலைக்கும் 90 மைக்ரான் இலைத் துணுக்குக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. வீட்டில் பழகுகிறவர்கள் இங்கே ஒரு பள்ளிக்கூடப் பரிசோதனையைத் துணைக்கு அழைக்கிறார்கள்: உராய்வில் மின்னேற்றம் பெற்ற பிளாஸ்டிக் பரப்பு இலைத் துகளையும் பிசின் தலையையும் ஒரே வலுவில் இழுப்பதில்லை. அந்தச் சிறு வேறுபாட்டை வைத்துப் பொடியைச் சுத்தம் செய்கிறார்கள். சலிப்பதையே இயந்திரமாக்கியவர் ஆம்ஸ்டர்டாமின் மிலா யான்சென். துணி உலர்த்தும் இயந்திரத்தின் உருளை சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றிய யோசனை என்று அவரே சொல்லியிருக்கிறார். உருளைக்குச் சல்லடைத் துணி கட்டி, குளிரூட்டிப் பெட்டிக்குள் வைத்துச் சுழற்றும் அவருடைய ‘பாலினேட்டர்’ 1994-ல் வந்தது.

இனி, அழுத்துவது.

சலித்த பொடியில் ஒவ்வொரு தலையும் தன் மெழுகுறைக்குள் பத்திரமாக இருக்கிறது. உறைகள் ஒன்றையொன்று புள்ளி அளவில் தொட்டுக்கொண்டிருக்கின்றன, நடுவெல்லாம் காற்று. அதனால் பொடி உதிர்ந்து ஓடுகிறது. அழுத்தும்போது உறைகள் கிழிகின்றன. உள்ளிருந்த பிசின் கசிந்து இடைவெளிகளை நிரப்புகிறது, காற்று வெளியேறுகிறது, கிழிந்த உறைகளும் காம்புத் துணுக்குகளும் பிசினுக்குள் புதைந்துவிடுகின்றன. இலட்சக்கணக்கான தனித்தனிக் குமிழ்கள் ஒரே உடலாகிவிடுகின்றன.

நிறம் மாறுவதைப் பார்த்துப் புதிதாகச் செய்கிறவர்கள் பதறுவதுண்டு: ‘சூட்டில் கருகிவிட்டதோ?’ பெரும்பாலும் அப்படி ஒன்றும் ஆகியிருக்காது. பொடி வெளிறித் தெரியக் காரணம், ஒவ்வொரு துகளின் விளிம்பிலும், காற்றும் பிசினும் சந்திக்கும் இடத்தில், ஒளி சிதறுவது. அழுத்தி இடையிலுள்ள காற்றை வெளியேற்றியதும் சிதறல் குறைகிறது. ஒளி உள்ளே புகுந்து உறிஞ்சப்படுகிறது. கட்டி கருத்துத் தெரிகிறது. அந்த முதல் சில நிமிடங்களின் கருமை ஒளியியலின் வேலை. வேதியியலின் வேலை பிறகு, மெதுவாக வரும்.

ஒட்டுவதும் ஒட்டாததும் பிசினின் இளக்கத்தைப் பொறுத்தது. இந்தப் பிசின் பனிக்கட்டியைப் போல ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகுகிற படிகப் பொருளல்ல. டி.ஹெச்.சி. முதலிய பல்வேறு கன்னாபினாய்டுகளும், மிர்சீன், பைனீன், லிமோனீன், கேரியோஃபிலீன் முதலிய மணம் தரும் டெர்பீன்களும், மெழுகுகளும் சேர்ந்த ஒழுங்கற்ற கலவை. குளிரில் கண்ணாடிபோல் நொறுங்கும். சூடேற ஏறத் தேன்போல் இளகும். இடையில் தெளிவான எல்லைக்கோடு கிடையாது. டெர்பீன்கள் இதில் இளக்கியாக வேலை செய்கின்றன. அவை நிறைய இருந்தால் உள்ளங்கைச் சூடே போதும். பொடி பழசாகி டெர்பீன் ஆவியாகிப் போயிருந்தால் கைச்சூடு போதாது. இலைத் துணுக்கு கூடுதலாக இருந்தாலும் அப்படியே: செல்லுலோஸ் எந்தச் சூட்டுக்கும் இளகாது, நடுவில் கிடந்து பிசினைப் பிசினோடு சேரவிடாது. ஒட்ட மறுக்கும் பொடி தன் சரித்திரத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆப்கானியர் தணலில் வாட்டி, சற்றே தண்ணீர் தெளித்துப் பிசைவதும், பெரிய வணிகர்கள் நீரியல் அழுத்தியில் செங்கல் வார்ப்பதும் இந்தக் குறையை வலுவால் ஈடுகட்டுவதற்கு.

அமெரிக்காவில் இந்தக் கலையை ஒரு பாடமாகவே நடத்திய ‘ஃபிரெஞ்சி கனோலி’ 2021-ல் இறந்தார். பிரான்சில் பிறந்து, ஹஷிஷ் செய்யும் நாடுகளிலெல்லாம் சுற்றி, கலிஃபோர்னியாவில் தங்கியவர். அவர் பிரபலமாக்கிய கருவி வெந்நீர் நிரப்பிய கண்ணாடிப் பாட்டில். பொடியின் மேல் அதை மெதுவாக உருட்டினால் சூடும் அழுத்தமும் ஒருங்கே கிடைக்கும். அடுப்புத் தீயைப் போலச் சூடு எல்லை மீறாது. ரசவாதி மாதிரிப் பேசுவார் என்றாலும், அந்தப் பாட்டிலில் இருந்தது நல்ல பொறியியல்.

கனடாச் சட்டம் வீட்டில் கஞ்சாவைப் பதப்படுத்த அனுமதிக்கும்போது ஒரு வேலி போட்டது: தீப்பற்றும் கரிமக் கரைப்பான்கள் கூடாது. பியூட்டேன் வாயுவைக் கொண்டு பிசினைக் கரைத்தெடுக்கப் போய்ச் சமையலறைகள் வெடித்துச் சிதறியது வட அமெரிக்காவில் பலமுறை நடந்திருக்கிறது. சல்லடைக்கும் பாட்டிலுக்கும் அந்த ஆபத்து இல்லை.

இமயமலையின் மரபு முறையில் சல்லடையே கிடையாது. இமாசலத்தின் மலானா, பார்வதி பள்ளத்தாக்குகளில் செடி உயிரோடு நிற்கும்போதே பூங்கொத்தை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்ப்பார்கள். தலைகள் அங்கேயே உடைந்து, பிசின் தோலில் படலமாக ஏறும். அதை உருட்டி எடுத்தால் சரஸ். பிரிப்பதும் உடைப்பதும் ஒரே அசைவில் நடந்துவிடுகின்றன. ஈரமும் செடிச் சாறும் சேர்ந்து வருவதால் சலித்த பொடியின் சுத்தம் இதில் வராது. நாள் முழுக்கத் தேய்த்தாலும் சில கிராம்தான்.

எந்த முறையானாலும், கைக்கு இவ்வளவு எளிதாக இணங்கிய இந்தப் பிசுபிசுப்பு ஆய்வகத்துக்கு இணங்கவில்லை. என் பார்வையில் இந்தப் பிசினின் கதையிலேயே சுவையான பகுதி இதுதான்.

அபினிலிருந்து மார்ஃபினை ஜெர்மன் மருந்தாளர் செர்ட்யூர்னர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்துவிட்டார். கோக்கோ இலையிலிருந்து கோகெயினை நீமன் 1860 வாக்கில் பிரித்தார். இரண்டிலும் நைட்ரஜன் உண்டு, அமிலத்தோடு சேர்ந்து உப்பாகும், உப்பு படிகமாகும், படிகத்தை வடிகட்டி எடுத்துக்கொள்ளலாம். கஞ்சாவின் போதைப் பொருளில் இருப்பவை 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். நைட்ரஜன் ஒன்றுகூட இல்லை. அது உப்பாகாது, எளிதில் படிகமாகாது, தண்ணீரில் கரையாது. கிட்டத்தட்ட அதே உருவமுள்ள பல மூலக்கூறுகளோடு எண்ணெயாகக் கலந்து கிடக்கும். எதைத் தொட்டாலும் எல்லாம் சேர்ந்தே வரும்.

1896-ல் கேம்பிரிட்ஜில் வுட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்ட் மூவரும் இந்தியச் சரஸை எடுத்துக் குறைந்த அழுத்தத்தில் காய்ச்சி வடித்தார்கள். சிவந்த, கெட்டியான ஓர் எண்ணெய் வந்தது. அதிலிருந்து பின்னர் சுத்தமாகப் பிரிந்த பொருள் கன்னாபினால், சுருக்கமாக சி.பி.என். கஞ்சாவின் சாரம் கையில் சிக்கிவிட்டதாகவே அன்று தோன்றியது. ஆனால் சி.பி.என். என்பது டி.ஹெச்.சி. காற்றுப் பட்டுச் சிதைந்து உண்டாகும் பொருள். அன்றைய இந்தியச் சந்தையில் விற்ற சரஸில் பெரும்பங்கு யார்க்கண்டிலிருந்து, காரகோரம் கணவாயும் லே நகரும் கடந்து பொதி விலங்குகளின் முதுகில் வந்தது. அதற்குப் பின் கப்பலேறி இங்கிலாந்து வரை போகும் சரக்கில் எவ்வளவு புதுமை மிஞ்சியிருக்கும்? 1940 வாக்கில் அமெரிக்காவில் ரோஜர் ஆடம்ஸும் இங்கிலாந்தில் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற அலெக்சாண்டர் டாடும் மிக அருகில் வந்தார்கள். இயற்கையான போதைப் பொருள் மட்டும் சுத்தமாகப் பிடிபடவில்லை.

பிடித்தவர் இஸ்ரேலின் ரஃபேல் மெக்கூலம். 1960-களின் தொடக்கத்தில், வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தில் இளம் ஆய்வாளராக இருந்தபோது, போலீஸ் பறிமுதல் செய்து வைத்திருந்த லெபனான் ஹஷிஷில் ஐந்து கிலோ கேட்டு வாங்கி, டெல் அவீவிலிருந்து ரெஹோவோத்துக்குப் பேருந்திலேயே கொண்டு வந்தார். ‘இது என்ன வாசனை?’ என்று பயணிகள் கேட்டதைப் பின்னாளில் பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொல்வார். சுகாதார அமைச்சின் அனுமதி தேவை என்பது அவருக்கும் தெரியவில்லை, கொடுத்த போலீசுக்கும் தெரியவில்லை. பிறகு போய் மன்னிப்புக் கேட்டார்.

அவரிடம் இருந்ததும் முன்னோரிடம் போதிய அளவு இல்லாததுமான கருவி நிறப்பகுப்பு. நீண்ட கண்ணாடிக் குழாயில் நுண்பொடியை நிரப்பி, பிசினின் கரைசலை மேலிருந்து ஊற்றினால், ஒவ்வொரு மூலக்கூறும் அந்தப் பொடியோடு எவ்வளவு ஒட்டிக்கொள்கிறது என்பதைப் பொறுத்து முன்னும் பின்னுமாக இறங்கும். ஒட்டும் குணத்தை ஒட்டும் குணத்தாலேயே பிரிக்கிற வித்தை. 1963-ல் யூவால் ஷ்வோவுடன் சேர்ந்து மற்றொரு கன்னாபினாய்டான சி.பி.டி.யின் அமைப்பையும், 1964-ல் யெஹியேல் கவோனியுடன் சேர்ந்து டி.ஹெச்.சி.யையும் வெளியிட்டார். மூளையில் அது போய்ச் சேரும் ஏற்பி 1988-ல் தெரியவந்தது. அந்த ஏற்பிக்காக நம் உடம்பே தயாரித்துக்கொள்ளும் பொருளை மெக்கூலத்தின் குழு 1992-ல் பிரித்து, ஆனந்தம் என்ற வடசொல்லிலிருந்து ‘ஆனந்தமைடு’ என்று பெயரிட்டது. அவர் 2023-ல் மறைந்தார்.

பூவைவிடப் பிசினுக்குள்ள அடர்த்தியைச் சட்டமும் தன் வழியில் அளந்து வைத்திருக்கிறது. இந்தியாவின் என்.டி.பி.எஸ். சட்டம், 1985, பூத்த நுனிகளைக் கஞ்சா என்றும், செடியிலிருந்து பிரித்த பிசினை எந்த வடிவில் இருந்தாலும் சரஸ் என்றும் வகுக்கிறது. ‘சிறிய அளவு’ என்பது கஞ்சாவுக்கு 1 கிலோ, சரஸுக்கு 100 கிராம். ‘வணிக அளவு’ கஞ்சாவுக்கு 20 கிலோ, சரஸுக்கு 1 கிலோ. அதைத் தாண்டினால் குறைந்தது பத்தாண்டு சிறை. சென்னையிலோ மதுரையிலோ ஒருவர் வீட்டில் சல்லடையை எடுத்த கணத்திலேயே வழக்கு ஒரு படி ஏறிவிடுகிறது. மொராக்கோவில் நிலை வேறு: 2021-ல் மருத்துவ, தொழில் பயன்பாட்டுக்குப் பயிரிடச் சட்டம் வந்தது, 2024 ஆகஸ்டில் 4,800-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு மன்னர் பொதுமன்னிப்பு அளித்தார்.

ஐரோப்பாவில் பிடிபடும் பிசினின் சராசரி டி.ஹெச்.சி. அண்மை ஆண்டுகளில் 20 விழுக்காட்டைத் தாண்டியிருக்கிறது. அங்கு பிடிபடும் பூவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. பூவின் கணக்கில் பழகியவர் பிசினை அதே கணக்கில் எடுத்தால் படபடப்பும் பீதியும் வரலாம். இன்னொன்றும் உண்டு. செடியின் பிசினைத் திரட்டும் அதே பிடி, வழியில் படும் எதையும் விடாது. மாட்ரிட் தெருக்களில் வாங்கிய ஹஷிஷைச் சோதித்து 2019-ல் வந்த ஆய்வு, பெரும்பாலானவற்றில் மலத்தில் வாழும் ஈகோலை பாக்டீரியாவைக் கண்டது. கடத்துகிறவர்கள் உருண்டைகளை விழுங்கி வருவார்கள் என்பதைச் சொன்னால் காரணம் விளங்கும்.

அழுத்திய பிறகு என்ன ஆகிறது? உறைக்குள் இருந்தவரை பிசின் காற்றையும் ஒளியையும் ஓரளவு தள்ளி வைத்திருந்தது. உறை கிழிந்ததும் மாற்றங்கள் தொடங்குகின்றன. செடியில் பெரும்பாலும் இருப்பது டி.ஹெச்.சி. அல்ல, அதன் அமிலம். அதற்குப் போதை தரும் ஆற்றல் ஏறத்தாழ இல்லை. சூட்டில் ஒரு கார்பன் டை ஆக்சைடை உதிர்த்த பின்பே அது டி.ஹெச்.சி. ஆகும். உதிர்வதில் எடையில் எட்டில் ஒரு பங்கு போய்விடும். அடுத்து, டி.ஹெச்.சி. மெல்ல சி.பி.என். ஆகும். மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் ராஸும் எல்சோலியும் அறை வெப்பத்தில் வைத்த உலர் கஞ்சாவைத் தொடர்ந்து அளந்து 1999-ல் வெளியிட்டார்கள்: முதலாண்டில் சுமார் 17 விழுக்காடு டி.ஹெச்.சி. போயிருந்தது, நான்காண்டில் 41. லண்டனில் ஃபேர்பேர்ன் குழு 1976-லேயே முதல் எதிரி ஒளிதான் என்று காட்டியிருந்தது.

நேபாளத்தில் நல்ல சரஸை உருண்டையாகப் பிடித்து வைக்கும் வழக்கத்துக்கு இங்கே கணக்கு இருக்கிறது. ஒரே கன அளவுக்கு மிகக் குறைந்த மேற்பரப்பு உள்ள வடிவம் கோளம். காற்றுப் படுகிற வெளித்தோல் கருத்து இறுகிவிடும். உள்ளே பிசின் வெகுகாலம் பழுப்பாக, மெத்தென்று இருக்கும்.

மணமும் மாறுகிறது. பூவை முகர்ந்தவர்கள் ஹஷிஷின் மணம் வேறு என்பதை எப்போதும் சொல்லிவந்தார்கள்; கற்பனை என்று அதை ஒதுக்கியவர்களும் உண்டு. 2014-ல் அந்த மணத்தை ஆய்ந்தவர்கள், பூவில் மிக அரிதாகவும் ஹஷிஷில் தெளிவாகவும் இருக்கும் ஒரு டெர்பீனைக் கண்டு அதற்கு ஹஷிஷீன் என்றே பெயர் வைத்தார்கள். மிர்சீன் ஒளி பட்டுத் தன் அணுக்களை வேறு வரிசையில் மாற்றிக்கொள்வதால் அது உண்டாகிறது. மொட்டைமாடி வெயிலில் செடியைக் காயவைத்த ரிஃப் விவசாயி, டி.ஹெச்.சி.யில் ஒரு பகுதியை இழந்து, இந்த மணத்தைப் பெற்றிருக்கிறார்.

வீட்டில் பழகுகிறவர்கள் இதில் இரண்டு கட்சி. ஒரு கட்சி பொடியை அழுத்தாமல், உறை கிழியாமல், உறைகுளிர்ப் பெட்டியின் இருட்டில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது வேண்டிய அளவே பிடித்துக்கொள்கிறது. மற்றது இன்றே உருட்டி, தாளில் சுற்றி, மாதக்கணக்கில் மறந்துவிடுகிறது. முதல் கட்சியிடம் டி.ஹெச்.சி.யும் டெர்பீனும் கூடுதலாக மிஞ்சும். இரண்டாம் கட்சி, பழையதில்தான் ருசி என்று சாதிக்கும்.